ஒரு வருஷம், ஒரு நோட்டு, நம்ம வயல் பறவைகள்

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பறவை என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் புகார்தான். மயில் நாற்றங்காலை மிதித்து நாசம் செய்கிறது. கிளி மக்காச்சோளக் கதிரை உரிக்கிறது. குளத்தோரப் பயிரை நீலக்கோழி சாய்க்கிறது. என்ன மருந்து வைக்கலாம் என்று கடிதம் முடியும். மயில் கடிதத்துக்குக் கீழே பதில் சொல்கிறேன். அதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வயலுக்கு ஒரு வருஷத்தில் எத்தனை வகைப் பறவை வந்து போகிறது? அதில் நெல்லைத் தின்பது எத்தனை, நெல்லைத் தின்னும் புழுவைத் தின்பது எத்தனை?

யூரியா எத்தனை மூட்டை போட்டோம் என்பதை மூன்று வருஷத்துக்கு முந்தைய கணக்கோடு சொல்லும் விவசாயி, இதற்கு மட்டும் 'கொக்கு, காக்கா, மைனா, இன்னும் என்னென்னவோ வரும் சார்' என்பார். அந்த 'என்னென்னவோ'வை ஒரு வருஷம் எழுதிப் பார்ப்போம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வருஷம் முழுக்கப் பறவைக் கணக்கு எடுப்பது வெளிநாட்டில் பெரிய பந்தயம். ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 31 வரை எத்தனை வகை பார்க்கிறோம் என்பதுதான் போட்டி. அமெரிக்காவைச் சேர்ந்த நோவா ஸ்டிரைக்கர் என்ற இளைஞர் 2015-ஆம் ஆண்டு 41 நாடுகளுக்குப் போய் 6,042 வகைகளைப் பார்த்தார். அடுத்த வருஷமே நெதர்லாந்துக்காரரான அர்யான் டுவார்ஷுயிஸ் 6,800 வகைகளைத் தாண்டிவிட்டார். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் ஒரு காலை நின்றுவிட்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறுகிறவரிடம், அந்த ஊர் வயலில் பறவை கூடியதா குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த வயலில் தினமும் மடை திறக்கிறவர்தான்.

நானும் ஒரு தை முதல் மார்கழி வரை இதைச் செய்து பார்த்தேன். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பறவை பார்ப்பதற்கென்று தனியாகப் பெட்ரோல் போடுவதில்லை. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று வேலைக்காகப் போகும் வழியில், வயல் பார்க்க இறங்கும் இடத்தில், பதினைந்து நிமிஷம் நின்று கண்ணில் பட்டதை எழுதுவது. மலைக்குப் போகவில்லை, முண்டந்துறைக்குப் போகவில்லை. வயல், குளம், தென்னந்தோப்பு, ஆற்றங்கரை மட்டும்தான். வருஷ முடிவில் கணக்கு நூறைத் தாண்டியது. இந்த ஆற்றுப் பாசனத்தில் பொறுமையாக நிற்கிற யாருக்கும் அது வரும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப எழுதுவது. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி பாறு கழுகு. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பறவை. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980-களில் பாறு கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களில் மறுபடி எண்ணியபோதுதான் அவை வேகமாகச் செத்து மறைவது வெளியே தெரிந்தது. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைகுளோபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-இல் உறுதியாயிற்று, 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். முதல் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது கணக்கால் என்ன பயன்?

நோட்டில் என்ன எழுதுவது

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், வயலில் அன்று என்ன வேலை அல்லது பயிரின் பருவம், என்ன பறவை, ஏறத்தாழ எத்தனை, என்ன செய்தது. இந்தக் கடைசி இரண்டும்தான் விவசாயிக்குக் காசு. 'கொக்கு 30' என்பதைவிட 'தொளி கலக்கும்போது கொக்கு 30, மண்ணுக்குள்ளிருந்து பிள்ளைப்பூச்சியைப் பிடித்தது' என்பது மேல். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதுங்கள். 'காக்கையைவிடச் சிறிசு, முதுகு பழுப்பு, பறந்தால் இறக்கையில் நீலம்' என்று எழுதினால் அது பனங்காடை என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

மருந்து அடித்த நாளையும் அதே நோட்டில் எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

தையில் தொடங்கலாம்

தையில் பிசான நெல் கதிர் முற்றி நிற்கும். குளங்கள் நிறைந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நடுக்குளத்தில் மிதக்கும். பார்க்க நல்ல மாதம். பெரும் பறவைக் கணக்குகளும் இந்த மாதத்தில்தான் நடக்கின்றன. மாலையில் வானத்தில் கரும்புகை போலச் சுழலும் கூட்டத்தைக் கண்டால் அது சோளப்பட்சி. சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வரும் பறவை. அங்கே வெட்டுக்கிளியைத் தின்று பேர் வாங்கியது, இங்கே தானியத்திலும் கை வைக்கும். ஒரே பறவை ஒரு ஊரில் நண்பன், இன்னொரு ஊரில் திருடன். எழுதத் தொடங்கினால் இந்த மாதிரி நிறையத் தெரியவரும்.

நாங்குநேரிப் பக்கத்து மேட்டு நிலங்களில் இந்த மாதங்களில் தரையை ஒட்டித் தாழப் பறந்து தேடும் பருந்தைப் பார்க்கலாம். பூனைப்பருந்து. கோழிக்குஞ்சு தூக்கும் பருந்து என்று நினைத்துக் கல்லெறிகிறார்கள். அது தேடுவது வெட்டுக்கிளியும் சுண்டெலியும்.

அறுவடை முடிந்து உளுந்து விதைத்தவர்கள் மாசி, பங்குனியில் கரிச்சானைக் கவனியுங்கள். இரட்டைவால் குருவி, கரிக்குருவி என்று ஊருக்கு ஒரு பெயர். உட்கார ஒரு இடம் கொடுத்தால் போதும், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பறந்து பிடித்துத் தின்னும். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் சரி, 'டி' வடிவில் குச்சி கட்டினாலும் சரி, ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கி போதும். பயிரின் உயரத்துக்கு ஒரு அடி மேலே இருக்கட்டும். நெல்லில் வைத்தால், பால் பிடிக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். விட்டுவைத்தால் அதே குச்சியில் சில்லையும் கிளியும் வந்து உட்கார்ந்து கதிரைப் பார்க்கும். இந்தப் பிடுங்கும் வேலையை நாங்கள் கூட்டங்களில் சொல்கிறோம், ஆனால் குச்சி வைக்கச் சொல்லும் அளவுக்கு அழுத்திச் சொல்வதில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. தேனீப் பெட்டி வைத்திருக்கிறவருக்குக் கரிச்சானும் பஞ்சுருட்டானும் தொல்லைதான். கொக்கு புழுவோடு தவளையையும் தின்னும், தவளையும் நமக்கு வேண்டியது. பறவை நமக்குக் கூலிக்கு வேலை பார்க்கவில்லை. தன் வயிற்றுக்குத்தான் பார்க்கிறது. அது நம் கணக்குக்கு ஒத்துவரும் நேரம் எது என்பதைத்தான் நோட்டு காட்டும்.

சித்திரைக்குள் வடக்கத்திப் பறவைகள் கிளம்பிவிடும். கடைசி வாத்தை எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள், அடுத்த வருஷம் ஒத்துப் பார்க்கலாம்.

கார் நடவும் கொக்குக் கூட்டமும்

அணையில் தண்ணீர் திறந்து கன்னடியன் கால்வாயிலும் நதியுண்ணியிலும் தண்ணீர் வந்ததும், இந்தச் சமவெளி ஒரே வாரத்தில் மாறிவிடுகிறது. டிராக்டர் கேஜ் வீல் போட்டுத் தொளி கலக்கும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, மடையான், மைனா, நத்தைகுத்தி நாரை என்று ஊர்வலம். நத்தைகுத்தியின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும், நத்தையை எடுக்கவே செய்தது போல. நண்டையும் தின்னும். வரப்பில் நண்டு வளையால் தண்ணீர் ஒழுகும் வயல்காரருக்கு இது என்ன உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு எச்சரிக்கை. குருணை மருந்தை மண்ணில் போட்ட உடன் கொக்கு இறங்கினால் அது அங்கேயே சாகலாம். குருணையைத் தானியம் என்று நினைத்துச் சிறு குருவிகள் பொறுக்கும். போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது. பழைய பை வீட்டுப் பரணில் கிடந்தால் 'வீணாகப் போகுதே' என்று எடுத்துப் போடாதீர்கள்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்ததும் இலைச்சுருட்டுப் புழு வரும். ஒரு சுருட்டலைக் கண்டதும் கடைக்கு ஓடுகிறவர்கள் அதிகம். வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்கு 10 இலை தாக்கியிருந்தால்தான் மருந்து, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு 5. அதற்குக் கீழே இருக்கும்போது நோட்டைப் பாருங்கள். கரிச்சானும் தகைவிலானும் வயலுக்கு மேல் பறந்து பறந்து பிடிக்கின்றன என்றால் தாய் அந்துப்பூச்சி இறங்கியிருக்கிறது, அதற்கு ஆளும் வந்துவிட்டது என்று பொருள். மூன்று நாள் பொறுத்து மறுபடி இலையை எண்ணலாம். பறவை வந்துவிட்டது என்பதற்காக இலை எண்ணுவதை விட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அண்ணாச்சி, இந்த வருஷம் ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பாருங்க' என்றேன். சிரித்தார். 'இதெல்லாம் எங்க ஐயா நோட்டு இல்லாமலே சொல்லுவாவ சார். கரிச்சான் வந்து உக்காந்தா வயக்காட்டுக்கு ஆள் வந்தாச்சும்பாவ. நாங்கதான் மருந்து டப்பாவ நம்பிட்டோம்' என்றார். நோட்டு வாங்கினாரா தெரியாது. எனக்கு அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஐப்பசி, ஆறுமணிக் குருவி

கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு உழும் நேரத்தில் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். உழுத வயலில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிக் குருவிகள், மின்கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான்கள். தோப்புக்காரர்களுக்கு ஒரு தனி விருந்தாளி உண்டு. பச்சை, நீலம், பழுப்பு, சிவப்பு என்று பல நிறத்தில், வால் குட்டையாக, சருகுக்குள் கிளறிப் புழுவைத் தேடும் பறவை. வடநாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு தடவை கூவுவதால் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். தோப்பில் விழுந்த சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. சருகு மண்ணுக்கும் வேண்டும் என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகை, மார்கழி மழையில் நோட்டு நனையும். வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிவதை எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான்.

கூகை

வருஷக் கணக்கில் பகலில் பார்த்தது மட்டும் இருந்தால் பாதிக் கணக்கு. இரவில் வேலை செய்யும் கூகையை எப்படி எழுதுவது? அதன் கழிவை வைத்து எழுதலாம். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பழைய கட்டடத்தின் மூலை, கோபுரப் பொந்து, மொட்டைப் பனையின் அடி இங்கெல்லாம் சாம்பல் நிற உருண்டை கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு தனியாக வரும். ஒரு உருண்டையில் எத்தனை மண்டையோடு என்று எண்ணி எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் இந்த வேலையைச் சாப்பாட்டை மறந்து செய்வார்கள். குஞ்சு இருக்கும் காலத்தில் தாயும் தகப்பனும் இரவெல்லாம் எலி சுமந்தபடி இருக்கும்.

நம் ஊரில் அது வீட்டருகே அலறினால் சாவு வரும் என்று விரட்டுகிறார்கள். சாவு வருவது எலிக்குத்தான். விரட்டாமல் இருக்கிறவரும் வேறு விதமாகக் கொன்றுவிடுகிறார். புரோமடியலோன் வில்லை தின்ற எலி உடனே சாகாது, சில நாள் மயங்கித் திரியும். அந்த எலியைப் பிடித்த கூகை தானும் விஷத்தை வாங்கிக்கொள்ளும். எலி குறைவாக இருக்கும்போது வரப்பைச் சிறுத்து வைத்து, தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிப்பதே எனக்குப் பிடித்த வழி. விஷம் வைத்தே ஆக வேண்டும் என்றால் வளைக்குள் வையுங்கள், செத்த எலியைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

பனையை வெட்டுவதற்கு முன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தலை போன மொட்டைப் பனையில்தான் கூகையும் பனங்காடையும் பொந்து பிடிக்கின்றன. நாடு முழுக்கப் பறவை பார்ப்போர் எழுதிய குறிப்புகளை வைத்து 2023-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. அறிக்கைக்குக் குறிப்பு கொடுத்தவர்கள் 30,000 பேருக்கு மேல்.

மயில் கடிதத்துக்குப் பதில்

அதே அறிக்கை மயில் 150 சதவீதத்துக்கு மேல் கூடியிருப்பதாகவும் சொல்கிறது. எனவே 'மயில் அதிகமாகிவிட்டது' என்று எழுதிய வாசகர்கள் பொய் சொல்லவில்லை. சீமைக்கருவேலப் புதர் பெருகியதும் நரி போன்றவை குறைந்ததும் காரணம் என்கிறார்கள். ஆனால் விஷம் கலந்த தானியம் வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: கூடாது. மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. மயிலுக்கு வைத்ததைப் புறாவும் பக்கத்து வீட்டுக் கோழியும்தான் முதலில் தின்னும்.

நோட்டு இங்கேயும் உதவும். மயில் எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மணிக்கு, பயிரின் எந்தப் பருவத்தில் இறங்குகிறது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் அது வரும் திசை ஒன்றாகவும் நேரம் அதிகாலையும் மாலையுமாகவும் இருக்கும். அந்தப் பக்கத்து வரப்பில் மட்டும் பழைய மீன்வலையைக் கட்டினால் செலவு கால் பங்காகக் குறையும். நாற்றங்காலுக்கு முளை வந்து நாற்று ஊன்றும் வரை மேலே வலை போடுங்கள். வெள்ளி-சிவப்பு மினுக்கு நாடாவும் கட்டலாம், ஆனால் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் மயில் பழகிவிடும், இடம் மாற்ற வேண்டும். வரப்போரச் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுப்பதுதான் நீண்ட நாள் வைத்தியம்.

ஊரே சேர்ந்து பார்த்த கதைகள்

பறவையோடு சேர்ந்து வாழ முடியாது என்கிறவர்கள் ஒருமுறை திருப்புடைமருதூர் போய் வரட்டும். தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் மருத மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களே கேட்டு, 2005-இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அந்த வகையில் முதலாவது அதுதான். மூன்று ஹெக்டேர்கூட வராது.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தை எல்லோருக்கும் தெரியும். 1994-இல் சரணாலயம் ஆனது, இப்போது ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்தில் மட்டுமல்ல, வீட்டு வாசல் மரத்திலும் கூடு கட்டும். எச்சமும் மீன் நாற்றமும் சும்மா இல்லை, அதைச் சகித்துக்கொண்டு தீபாவளிக்கு வெடியையும் குறைத்துக்கொண்ட ஊர் அது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அந்த ஊர்க்காரர்தான். பதிலுக்கு ஊருக்குக் கிடைப்பது பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும்.

2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் மாணவர்களும் ஆர்வலர்களும் குழு குழுவாகப் போய் எண்ணுகிறார்கள். ராஜவல்லிபுரம், விஜயநாராயணம், நகருக்குள்ளே இருக்கும் நயினார்குளம் எல்லாம் கணக்கில் உண்டு. இந்தக் குழுக்களில் அந்தக் குளத்தின் பாசன விவசாயி ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. குளம் எப்போது நிறைந்தது, மறுகால் எத்தனை நாள் ஓடியது, மீன் குத்தகைக்காக எப்போது வடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பறவை குறைந்ததற்கான காரணம் அநேகமாக அதில்தான் இருக்கும்.

எழுதுவதில் நமக்கு முன்னோடியும் உண்டு. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே கையால் கொல்லைப்புறக் காக்கையையும் மைனாவையும் எழுதினார்.

செலவு என்ன என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் ஒன்றும் வேண்டாம். வயல் பறவைகளில் பெரும்பாலானவை வெறும் கண்ணுக்கே தெரியும். குளத்து வாத்துகளுக்கு மட்டும் பைனாகுலர் வேண்டும், 8x40 அளவில் ஒன்று ஊருக்குப் பொதுவாக வாங்கினால் போதும், உழவர் மன்றத்தில் வைக்கலாம். தமிழில் க. ரத்னம் எழுதிய 'தமிழ்நாட்டுப் பறவைகள்' புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் பாருங்கள். கைபேசியில் மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லும், இலவசம். சில நேரம் தப்பாகவும் சொல்லும், கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அதே கைபேசியில் இ-பேர்ட் செயலியில் பதினைந்து நிமிஷப் பட்டியலை ஏற்றினால் உங்கள் வயலும் நாட்டின் கணக்கில் சேரும்.

தொடங்க நல்ல நாள் பொங்கல். அந்த நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டிலிருந்தே, வயலிலிருந்தே, பதினைந்து நிமிஷம் பார்த்துப் பதிவு செய்யலாம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்ட வாய்க்காலுக்கு ஓட்டிப் போகும்போது அதன் முதுகில் என்ன பறவை உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் வரியாக அதை எழுதுங்கள். பெயர் தெரியாத பறவை இருந்தால் அடையாளத்தோடு கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள், தேதியையும் பயிரின் பருவத்தையும் சேர்த்து.